சுந்தரி மகளை அடையாளம் தெரியாத கம்ப்யூட்டர்

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை.
கம்பெனி கேன்டீன், மின்விசிறி சுற்றாத மூலை.

என் அருமைத் தங்கை சுந்தரியின் வயிற்றில் உதித்தவளும், ஒடுகத்தூர் மலைக்காற்றையும் வேர்க்கடலையையும் தின்று வளர்ந்தவளும், சென்னைப் பட்டணத்தில் செருப்பு வடிவமைக்கும் கலையைக் கரைத்துக் குடித்து ஏப்பம் விட்டவளுமாகிய எழிலரசிக்கு, வக்கார் அகமது பாயின் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவு என்னும் சிம்மாசனத்தில் வீற்றிருக்கும் உன் தாய்மாமன் கன்னியப்பன் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். உன் அத்தை நலம், அவளுடைய முழங்கால் மட்டும் சுமார் நலம். பாலாற்றில் தண்ணீர் இல்லை என்பதைத் தவிர ஊரும் நலம். இந்தப் பூமண்டலத்தில் இப்போது நலமில்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது நீ அனுப்பிய பென் டிரைவ். அல்லது அதை வாங்கிக்கொள்ள மறுக்கும் கம்ப்யூட்டர். இரண்டில் எது நோயாளி, எது நோய் என்று தெரியாமல் நேற்றுக் காலையிலிருந்து நான் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவன் போல் சாம்பிள் ரூமுக்கும் கேன்டீனுக்கும் நடந்த நடையை நேர்கோட்டில் நடந்திருந்தால் இந்நேரம் காசியில் மூன்று முழுக்குப் போட்டிருப்பேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ முதல் வார்த்தையாக என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ‘நான்தான் மெயில்ல அனுப்புறேன்னு சொன்னேனே மாமா’ என்பாய். அந்த ஒரு வாக்கியத்தைக் காதால் கேட்பதைவிட, நம்ம கம்பெனி டிரைவர் வேலு நாளைக் காலையில் சென்னைப் பெரியமேட்டுக்குத் தோல் ஏற்றிக்கொண்டு போகும் டெம்போவில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புவது என் உடம்புக்கு நல்லது. கடிதத்தில் இன்னொரு சௌகரியம், நடுவில் யாரும் ‘சரி மாமா, வெக்கறேன் மாமா’ என்று வைக்க முடியாது.

ஆமாம், நீ மெயில் என்றுதான் சொன்னாய். ரெண்டு நிமிஷ வேலை என்றாய். ‘ரெண்டு நிமிஷத்துல அனுப்புறதுக்கு அது இன்னா கரண்ட் பில்லா? நம்ம வூட்டுப் பொண்ணோட மொத செருப்பு. திருட்டுத்தனமா காத்துல வரக் கூடாது. தாய்மாமன் கையால, தட்டுல, சீரா வரணும்’ என்று சொன்னது நான். அப்புறம், ‘சரி மாமா, நீங்க சொன்னா சரி’ என்றாய். நீ பிறந்ததிலிருந்து ஒரே பேச்சில் என்னிடம் சரி என்றது அதுதான் முதல் தடவை. காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து என் கட்டைவிரலைக் கடித்து இன்றுவரை தழும்பாக வைத்திருக்கிறாயே, அந்தப் பெண்ணா இப்படி அடங்கிப் போகிறாள் என்று நான் நெகிழ்ந்து போய்விட்டேன்.

விஷயத்தின் கனம் உனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் என் நெஞ்சு படபடப்பதற்காக இன்னொரு தரம் சொல்கிறேன். வியாழக்கிழமை இத்தாலிக்காரர் வருகிறார். சாம்பிள் ரூம் அலமாரியில் இருக்கும் செருப்புகளைப் பார்ப்பார், பிடித்ததை எடுப்பார். அந்த அலமாரியில் நீ வரைந்த செருப்பு நின்று, அதை அவர் எடுத்தால், பாய் உன்னை இங்கேயே டிசைனராகச் சேர்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். நீயும் பட்டணத்து ஹாஸ்டல் சாம்பாரிலிருந்து விடுதலையாகி வீட்டுக்கு வருவாய். செருப்பு அலமாரியில் இல்லையென்றால் அந்த நாற்காலி பாயின் சம்பந்தி வீட்டுப் பையனுக்குப் போகும். செருப்பு நிற்க வேண்டுமானால் அதை வெட்டித் தைக்க வேண்டும். வெட்ட வேண்டுமானால் உன் வரைபடம் வேண்டும். வரைபடம் பென் டிரைவுக்குள் இருக்கிறது. பென் டிரைவை கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியவில்லை. இவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் என் ரத்த அழுத்தம்.

ஆதியிலிருந்து சொல்கிறேன், கேள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலு நீ கொடுத்த ஷூ டப்பாவை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். திறந்தால் டிஷ்யூ பேப்பர், அதற்குள் இன்னொரு டிஷ்யூ பேப்பர், ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலங்கள் ஒரு குடும்பம், அதற்கு நடுவில் தொட்டிலில் படுத்த பிள்ளை மாதிரி சிவப்பாக, மூடி போட்டுக்கொண்டு, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஜீவன். இதற்குள்ளா ஒரு செருப்பு இருக்கிறது என்று உன் அத்தை காதில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். நான் குளித்துவிட்டு வந்து பித்தளைத் தட்டை எடுத்து, வெற்றிலை, பாக்கு, தேங்காய், சீப்பு வாழைப்பழம், மல்லிகைச்சரம், உன் அம்மா அனுப்பிய வேர்க்கடலை ஒரு கைப்பிடி எல்லாம் வைத்து, நடுவில் அதை எழுந்தருளச் செய்தேன். புது மெஷின் வந்தால், புது வண்டி வந்தால் என்ன செய்வோமோ அதைத்தானே செய்ய வேண்டும்? கல்லில் இழைத்த சந்தனம், பொடி கரைத்த சோம்பேறிச் சந்தனம் இல்லை, கெட்டியாக எடுத்துக்கொண்டு மூடியைக் கழற்றினேன்.

‘இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்ங்க?’ என்றாள் உன் அத்தை.

‘எது மொதல்ல உள்ள போவுதோ அதான் மூஞ்சி.’

‘தகரமா இருக்கே.’

‘தகரமா இருந்தா இன்னா? டெம்போவுக்கு முன்பக்கம் தகரந்தானே?’

அந்தத் தகர முகத்தில் இரண்டு சின்னச் சதுரக் கண்கள் வேறு இருந்தன. ஆண்டவன் பொட்டு வைப்பதற்கென்றே குழித்துவிட்ட மாதிரி. வலது கண்ணில் சந்தனம், இடது கண்ணில் குங்குமம், வாயில் கொஞ்சம் தாராளமாக இரண்டும் கலந்து வைத்து, சூடம் காட்டி, மூடியைப் போட்டேன். அத்தை எலுமிச்சம்பழம் நசுக்கலாம் என்றாள். நான்தான் தடுத்தேன். ‘எலக்ட்ரானிக் சாமான், புளிப்பு ஆவாது’ என்று. உன் மாமனுக்கும் ஓரளவு விஞ்ஞானம் தெரியும் என்பதை நீ மறக்கக் கூடாது.

திங்கட்கிழமைக் காலை. பம்பை மேளம் வைத்துக் கூட்டிவரலாம் என்று பாயிடம் முன்பே அனுமதி கேட்டிருந்தேன். ‘அரே கன்னியப்பா, ஷிஃப்ட் டைம்ல மேளமா? லைன்ல இருக்கிறவங்க எல்லாம் எழுந்து ஆடினா உன்னையா தைக்கச் சொல்றது?’ என்று மறுத்துவிட்டார். ஆகவே மேளத்தை என் சட்டைப்பையிலிருந்த போனில் வாசிக்க வைத்து, தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கேட்டிலிருந்து வெட்டும் பிரிவு வழியாகவும் தையல் லைன் வழியாகவும் நடந்து வந்தேன் பார், சோழ மன்னன் கடாரம் வென்று திரும்பியபோதுகூட அவ்வளவு பேர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ‘இன்னா கன்னியப்பண்ணே, யாருக்கு நிச்சயம்?’ என்று ஒருத்தி கேட்டாள். ‘என் தங்கச்சி மவளுக்கும் இத்தாலிக்கும்’ என்றேன். லைனே சிரித்தது. இன்னொருத்தி வேர்க்கடலையை எடுத்துத் தின்றுவிட்டாள். மங்களகரமாகத்தான் இருந்தது எல்லாம்.

சாம்பிள் ரூமில் கம்ப்யூட்டருக்கு முன்னால் அம்பரீன் இருந்தாள். பாயின் மகள், உன் வயசுதான், அந்த ரூமே அவள் ராஜ்ஜியம். தட்டைப் பார்த்ததும் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. துப்பட்டாவை வாயில் பொத்திக்கொண்டு இருமினாள், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. தோல் தூசி ஒத்துக்கொள்ளவில்லை போல. மிளகு ரசம் குடிக்கச் சொன்னேன். அவள் கையை நீட்டி, ‘குடுங்க மாமா, நான் போட்றேன்’ என்றாள். நான் கொடுப்பேனா? ‘காது குத்துறப்போ யார் மடிம்மா? தாய்மாமன் மடி. அப்போ இதையும் தாய்மாமன்தான் போடணும்’ என்றேன். அவள் மறுபடி இருமினாள். நான் கிழக்குப் பார்த்து நின்று, மூடியைக் கழற்றி, உன் அம்மாவை மனசில் நினைத்துக்கொண்டு சொருகினேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது. புதுச் செருப்பும் முதல் நாள் இறுக்கத்தானே செய்யும்?

ஒன்றும் நடக்கவில்லை. ‘டிங்னு ஒரு சத்தம் வரணும் மாமா’ என்றாள் அம்பரீன். வரவில்லை. புது இடம், கூச்சப்படுகிறது என்று பொறுத்தேன். அப்புறம் திரையின் வலது மூலையில், யாரும் பார்க்கக் கூடாது என்பது மாதிரி, சின்னதாக ஒரு பெட்டி எழுந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. ‘இன்னாம்மா சொல்லுது?’ என்றேன். ‘இந்தப் பொருளை அடையாளம் தெரியலன்னு சொல்லுது மாமா’ என்றாள். எழில், என் வாழ்நாளில் எத்தனையோ அவமானங்களைப் பார்த்திருக்கிறேன். வாணியம்பாடிக்காரன் ஒருத்தன் நான் பாஸ் பண்ணிய தோலை ‘இதுல மாடு இன்னும் மூச்சு விடுது’ என்று சொன்னதைக்கூடப் பொறுத்திருக்கிறேன். இதைப் பொறுக்க முடியவில்லை. ‘யாரை அடையாளம் தெரியல? ஒடுகத்தூர் சுந்தரி மவளைத் தெரியலயா? நேத்து வந்த டப்பா நீ, எங்க குடும்பத்தைத் தெரியாதுன்றியா?’ என்று நான் போட்ட சத்தத்தில் தையல் லைனில் இரண்டு மெஷின் நின்றது. கம்ப்யூட்டர் மட்டும் சலனமே இல்லாமல் இருந்தது. அழுத்தக்காரப் பயல்.

குப்புறப் போட்டுச் சொருகினேன், போகவில்லை. மல்லாக்கப் போட்டுச் சொருகினேன், போனது, பேசவில்லை. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டோம். தூங்கி எழுந்தால் நமக்கே பாதிப் பேரை அடையாளம் தெரியாது, அதற்கெப்படித் தெரியும்? பெட்டியின் பின்பக்கம் வேறு ஓட்டைகள் இருக்கின்றன என்றாள். எட்டிப் பார்த்தேன். அங்கே தோல் தூசி அடைத்துக்கொண்டு, ஒரு கோழிக் குடும்பம் குடியிருக்கலாம் என்கிற நிலைமை. ஆஹா, பிடித்தேனடா நோயை என்று நேரே ஃபினிஷிங் பிரிவுக்குப் போய், முடிந்த ஷூவிலிருந்து தூசி ஊதித் தள்ளுவோமே அந்தக் காற்றுத் துப்பாக்கியைக் குழாயோடு இழுத்து வந்து, பின்பக்கம் வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்த கணம் அந்த ரூம் இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. பழுப்பு மேகம். அதற்குள்ளிருந்து அம்பரீனின் தும்மல் மட்டும் கேட்டது. மேகம் கலைந்தபோது வாசலில் வக்கார் பாய் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டையில் வந்தவர் காப்பிக் கலரில் நின்றார்.

‘யோவ் கன்னியப்பா, அது கம்ப்யூட்டரா, தோல் தேய்க்கிற பஃபிங் மெஷினா?’

‘அடைப்பு பாய். எடுத்துட்டேன்.’

‘அடைப்பு அதுக்கு இல்ல, உனக்கு’ என்றவர் நெஞ்சைக் காட்டவில்லை, தலையைக் காட்டினார்.

ஆனால் ஒன்று கவனித்தேன் எழில். அந்த மனுஷனுக்குப் பதற்றமே இல்லை. வியாழக்கிழமை இத்தாலிக்காரர் வருகிறார், ஒரு செருப்பு குறைகிறது, இவர் டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டு, அது முறிந்து விழாமல் எடுப்பதைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறார். பெரிய மனுஷன் இல்லையா, வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். உள்ளே எரிமலை குமுறிக்கொண்டிருக்கும்.

பின்பக்க ஓட்டையிலும் பேச்சில்லை. சரி, இந்தக் கம்ப்யூட்டர்தான் திமிர் பிடித்தது என்று தட்டோடு டிஸ்பாட்ச் பிரிவுக்குப் போனேன். அங்கே ஆமிர் பில் அடித்துக்கொண்டிருந்தான். ‘எழுந்திரு தம்பி, இது அவசரம்’ என்று சொருகினேன். அந்தக் கம்ப்யூட்டர் நல்ல ஜாதகம் போல, உடனே ஏதோ பேசியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ‘இன்னாடா கேக்குது?’ என்றேன். ‘ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேக்குது அண்ணே’ என்றான். ‘அப்படின்னா?’ ‘உள்ள இருக்கிறது எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆக்கிடும்.’ நல்லா கேளு எழில். வீட்டுக்கு வந்த பெண்ணைப் பார்த்து, உன்னைக் கொன்றுவிட்டு வேறு ஒருத்தியாக ஆக்கட்டுமா என்று கேட்கிறது! நான் யோசிக்கவே இல்லை. பாய்ந்து சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டேன். உன் செருப்பைக் காப்பாற்றினேன். ஆமிர் காலையிலிருந்து அடித்த பில்லெல்லாம் போய்விட்டது. அவன் என்னோடு பேசுவதில்லை. இரண்டு நாளில் சரியாகிவிடுவான்.

இரு, ஒரு எட்டுப் போய் இன்னொரு தரம் சொருகிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். உட்கார முடியவில்லை.

வந்துவிட்டேன். இல்லை. அதே பெட்டி, அதே மூலை, அதே ‘தெரியல’.

எங்கே விட்டேன்? ஆல்வின். பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், நேற்று மதியம் அவனை வரவழைத்தேன். வந்தவன் எதை எதையோ திறந்தான், ஒரு பட்டியல் வந்தது, அதில் ஒரு வரிக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஆச்சரியக்குறி. கம்ப்யூட்டருக்கே ஆச்சரியம் பார். அந்த வரியை நீக்கினான், மறுபடி தேடச் சொன்னான், மறுபடி ஆச்சரியம். கரண்டை மிச்சம் பிடிக்கும் ஏதோ ஒன்றை நிறுத்தினான். பென் டிரைவுக்கு வேறு ஆங்கில எழுத்தைப் பெயராகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றான். கடைசியில், ‘சார், கம்ப்யூட்டர்ல ஒன்னும் இல்ல. அந்தப் பென் டிரைவைக் கொஞ்சம் குடுங்க, பாக்கறேன்’ என்றான். எப்படி இருக்கிறது கதை? முன்பின் தெரியாத ஆம்பிளை கையில் சீர்ப்பொருளைக் கொடுப்பேனா? மூடியைப் போட்டு உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டேன். ‘தொடாம வைத்தியம் பாக்கத் தெரிஞ்சா பாரு’ என்றேன். ‘பேஜார் சார் உங்களோட’ என்று போய்விட்டான். அம்பரீன் அப்போதும் இருமிக்கொண்டே, ‘மாமா, நான் ஒன்னு சொல்லட்டுமா?’ என்றாள். ‘நீ மொதல்ல ரசம் குடி’ என்று அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் எனக்குச் சந்தேகம் வந்தது, இந்த ஜீவனுக்கு உயிராவது இருக்கிறதா என்று. இதை எப்படிச் சோதிப்பது? பேக்கிங்குக்கு முன்னால் ஒவ்வொரு ஷூவையும் ஒரு மெஷினுக்குள் விடுவோமே, உடைந்த ஊசி கீசி உள்ளே தங்கியிருந்தால் கத்தும் மெஷின், அதன் பெல்ட்டில் வைத்துத் தள்ளிவிட்டேன். கத்தியது பார்! ஊர் பூராவும் கேட்கிற மாதிரி, சிவப்பு விளக்கெல்லாம் சுற்றி. இந்தக் கம்பெனியில் உன் பென் டிரைவை அடையாளம் தெரிந்துகொண்ட ஒரே மெஷின் அதுதான். அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் அது கத்தினால் லைனை நிறுத்தி, அதுவரை பேக் ஆன அத்தனை டப்பாவையும் பிரித்து ஊசி தேட வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை எழுதியது யார்? தரம் பார்க்கும் பிரிவு. அதாவது நான். நானே என்னைத் திட்டிக்கொண்டு, நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டு, சாயங்காலம்வரை டப்பா பிரித்தேன். வேர்க்கடலை தின்றவள் மட்டும், ‘இத்தாலி மாப்பிள்ளை ஜாஸ்தி பேஜாரு புடிச்சவன் போலிருக்கே அண்ணே’ என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இன்று காலை கடைசி அஸ்திரம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் மறைப்பானேன். தாய்மாமன் என்றால் மடி. மடியில் உட்காரவைத்துக் குத்தினால்தானே காது குத்தியதாக அர்த்தம்? நானோ கம்ப்யூட்டரை மேஜை மேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே சொருகியிருக்கிறேன். முறை தவறிவிட்டது. ஆகவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அதன் தலையைப் பிடித்து, ‘வலிக்காது கண்ணு, எறும்பு கடிக்கிறா மாதிரிதான்’ என்று சொல்லிக்கொண்டே சொருகினேன். அந்த நேரம் பார்த்து பாய் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். அம்பரீனைப் பார்த்தார். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விட்டார். வெளியே அவரும் இருமுகிற சத்தம் கேட்டது. இந்த இருமல் ஊரெல்லாம் பரவுகிறது எழில், நீ முகமூடி போட்டுக்கொண்டு இரு.

பெட்டி என் மடியில் சூடாக இருந்தது, அவ்வளவுதான். காது மட்டும் கேட்கவில்லை.

எழுந்து நின்றபோது அலமாரி கண்ணில் பட்டது. வியாழக்கிழமைக்கான செருப்பெல்லாம் வரிசையாக நிற்கின்றன, விளக்கு போட்டு, ஒவ்வொன்றும் ஒரு கால் மட்டும் முன்னால் வைத்து. மேல்தட்டு ஓரத்தில் எதையோ வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். அது வேறு யாருடையதோ. நான் தொடப் போனதும் அம்பரீன் ஓடி வந்து, ‘பசை காயல மாமா, தொடாதீங்க’ என்றாள். யாரோ ஒரு பாக்கியசாலியின் செருப்பு பசை காயும் அளவுக்கு வந்துவிட்டது. உன்னுடையது இன்னும் தகரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அப்போதுதான் எழில், எனக்கு மனசு கொஞ்சம் கீழே இறங்கியது. தமாஷுக்குச் சொல்லவில்லை. வியாழக்கிழமை அந்த இடம் காலியாக இருந்தால், காரணம் கம்ப்யூட்டர் என்று நான் ஊருக்குச் சொல்வேன். உனக்கும் எனக்கும் தெரியும், தட்டு கேட்டவன் யார் என்று. உன் அம்மாவுக்கும் தெரியும். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள், சோறு மட்டும் கொஞ்சம் கம்மியாகப் போடுவாள்.

ஆகையால் மாமன் ஆணை இது: வேலு கையில் உடனே வேறொரு பென் டிரைவ் கொடுத்தனுப்பு. இப்போது வந்தது போல் பட்டணத்துச் சொகுசுச் சரக்காக இல்லாமல், கெட்டியாக, பயந்த சுபாவம் இல்லாததாக, நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறந்து பேசக்கூடியதாகப் பார்த்து வாங்கு. கடைக்காரனிடம் இதை நான் சொன்னதாகவே சொல். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் வந்துவிட்டால் வெட்டுகிறவனையும் தைக்கிறவளையும் காலில் விழுந்தாவது உட்காரவைத்து விடிவதற்குள் செருப்பை நிறுத்துகிறேன். நீ மட்டும் நேரில் வராதே. வந்தால் மாமனால் முடியவில்லை என்று ஆகிவிடும். மெயிலிலும் அனுப்பாதே. அனுப்பினால் அதற்கும் அதே அர்த்தம்தான். சரி, ரொம்ப முடியவில்லையென்றால் அனுப்பு. ஆனால் எனக்குத் தெரியாமல் அனுப்பு.

நீ வெட்டும் தோலில் ஓட்டை விழாமலும், தைக்கும் நூல் நடுவில் அறாமலும், உன் கையால் பிறக்கும் செருப்பெல்லாம் ஜோடி பிரியாமலும், போட்டவர் காலைக் கடிக்காமலும், ஒடுகத்தூர் மலையளவு பேரும் ஏழு கடல் தாண்டிய புகழும் பெற்று நீ வாழ வேண்டும் என்று, சாப்பிடாத வயிற்றோடும் உட்காராத காலோடும் ஆசீர்வதிக்கும்

உன் தாய்மாமன்,
கன்னியப்பன்

பின்குறிப்பு: வியாழக்கிழமை, மதியம். மழை பெய்து தோல் காயாததால் வேலு நேற்றுக் கிளம்பவில்லை, இப்போதுதான் டெம்போவை உறுமவிட்டுக்கொண்டிருக்கிறான். ஷூ பசை போட்டு ஒட்டிய உறையைக் கத்தியால் அறுத்துத் திறந்து எழுதுகிறேன், ஓரம் பிய்ந்திருந்தால் பொறுத்துக்கொள். மேலே சொன்ன அத்தனையும் தள்ளுபடி. ஆசீர்வாதம் மட்டும் நிற்கும். நேற்று சாயங்காலம் கால் ஓய்ந்து போய், அம்பரீன் முன்னால் நின்று, மூடியோடு அதை நீட்டி, ‘நீயே போடும்மா, என்னால ஆவல’ என்றேன். அவள் மூடியைக் கழற்றினாள், முகத்தைப் பார்த்தாள், மூக்கில் வைத்து முகர்ந்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அது இருமல் இல்லை எழில். எப்போதுமே இருமல் இல்லை. ஊசியால் நோண்டி எடுத்தாள், வலது கண் சந்தனம், இடது கண் குங்குமம், வாயில் இரண்டும், சிமென்ட் மாதிரி. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துச் சொருகினாள். டிங். என்னமா இருந்தது தெரியுமா அந்தச் சத்தம்! திறந்தால் செருப்பு இல்லை. ஒரே ஒரு வீடியோ. நீ இருந்தாய், ஹாஸ்டல் கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு. ‘மாமா, இத நீங்க பாக்குறீங்கன்னா, யாரோ சந்தனத்தைத் தொடச்சிட்டாங்கன்னு அர்த்தம்’ என்றாய். ‘டிசைனை அம்பரீனுக்கு எப்பவோ மெயில்ல அனுப்பிட்டேன். இது உங்க தட்டுக்கு. ஊர்வலம் நல்லா போச்சா?’ என்றாய். பின்னால் திரும்பினால் பாய், அம்பரீன், வேர்க்கடலை தின்றவள், ஆமிர்கூட, எல்லோரும் வாசலில். அம்பரீன் அலமாரியிலிருந்த வெள்ளைத் துணியை எடுத்தாள். அடியில் உன் செருப்பு. முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் அதைத் தட்டில் வைத்துப் பேர்ணாம்பட்டு வரைக்கும் காட்டிவிட்டு வந்திருப்பேன், இத்தாலிக்காரர் பார்ப்பதற்கு முன்னால் ஊரே அதைக் காப்பியடித்துத் தைத்திருக்கும் என்று பாய் விளக்கம் சொன்னார். நியாயம்தான். நான் கையில் எடுத்தேன். இத்தனை வருஷம் செருப்பில் குறை தேடியே சம்பளம் வாங்கியவன், திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தையல் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன், ஒரு குறையும் கிடைக்கவில்லை. ‘பாஸ்’ என்றேன். எனக்கும் இருமல் வந்துவிட்டது. தூசி. இன்று காலை இத்தாலிக்காரர் வந்தார், அலமாரியில் அதிக நேரம் நின்ற இடம் அதுதான், வார் மாட்டும் பக்கிளை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு, எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ‘திங்கக்கெழம வரச் சொல்லுய்யா உன் தங்கச்சி பொண்ணை’ என்று பாய் சொல்லிவிட்டார். அம்பரீன் இதையெல்லாம் போனில் உன்னிடம் ஏற்கெனவே ஒப்பித்திருப்பாள், இருந்தாலும் மாமன் சொன்னால்தான் சொன்னதாக அர்த்தம். திங்கட்கிழமை கேட்டில் தட்டோடு நிற்பேன், சந்தனம் இழைத்து வைத்தாயிற்று. பயப்படாமல் வா. உனக்கு முகம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.